கிழித்த தாள்

தாள் கிழிந்த சத்தம் கஸியானோஸுக்கே பெரிதாகக் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். காப்பிக்கடையில் யாரும் இல்லை. கடைக்காரர் ஸ்டெர்யோஸ் பின்கட்டில் அடுப்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

சுவரில் பிப்ரவரி இருபத்தொன்பது போய், மார்ச் ஒன்று வந்து உட்கார்ந்தது. கிழித்ததை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் தள்ளிவிட்டு, இப்போதுதான் வந்தவர்போல ஜன்னலோரம் போய் அமர்ந்தார்.

அந்த மலையூரில் பிறந்தநாளை எவரும் சீந்துவதில்லை. எந்தப் புனிதரின் பெயர் உனக்கோ, அந்தப் புனிதரின் நாள்தான் உன் நாள். அழைக்காமலே ஊர் வரும். வந்தவன் தொண்டை நனையாமல் திரும்பினால் உனக்குத்தான் கேவலம்.

புனித கஸியானோஸுக்கு விதித்தது பிப்ரவரி இருபத்தொன்பது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை.

மற்ற வருஷங்களில் இருபத்தெட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பாதிரியார் சொல்லிப் பார்த்தார். "புனிதரோட தேதிய மாத்த நீங்க யாரு சாமி?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தவர் இவர்.

நாலு வருஷத்துக்கு ஒரு நாள் வந்தாலும் தப்பித்துக்கொள்வார். போன தடவை பல்வலி. அதற்கு முந்தின தடவை அக்காளைப் பார்க்கப் போனார். அக்காள் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது ஊருக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

எல்லாம் அவர் வீட்டு நிலவறையில் கிடக்கும் பீப்பாய்க்காக. பன்னிரண்டு வருஷமாக ஊறுகிற திராட்சைச் சாராயம். காப்பிக்கடையில் தினமும் கூடும் பதினோரு பேருக்கும் அதன்மேல்தான் நாக்கு. நிலவறைச் சாவி கயிற்றில் கோத்து அவர் கழுத்தில்.

ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். முடிவெட்டும் லாம்ப்ரோஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாள்காட்டிமுன் நின்றார். தாளைத் தூக்கிப் பின்பக்கத்தைப் படிப்பது தினமும் அவர் வேலை. இதே தேதியில் எந்த ராஜா செத்தான், எந்தக் கப்பல் மூழ்கியது, எல்லாம் அதில் இருக்கும். கஸியானோஸ் ஒன்றையும் நம்பமாட்டார். "நீ பாத்தியா?" என்பார்.

இன்றைக்கு லாம்ப்ரோஸ் முன்பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"நேத்து இருபத்தெட்டு, இன்னிக்கு ஒண்ணு. அப்ப லீப் வருஷம் அடுத்த வருஷம்தான் போல."

"அச்சடிச்சவன் பொய்யா சொல்லுவான்?" என்றார் கஸியானோஸ், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக.

ஸ்டெர்யோஸ் வந்து எட்டிப் பார்த்தார். மார்ச் முதல் தேதிக்குக் கட்டும் சிவப்பு வெள்ளை நூல் அவர் பையில் தயாராக இருந்தது. கஸியானோஸ் மணிக்கட்டை நீட்டினார். முடிச்சு கொஞ்சம் இறுக்கமாகவே விழுந்தது.

"இன்னிக்கு யாரோட நாளுய்யா?" என்று கேட்டார் ஸ்டெர்யோஸ்.

"புனித எவ்தொகியா," என்றார் லாம்ப்ரோஸ்.

நாற்காலிகள் எல்லாம் ஒன்றாக நகர்ந்தன.

கஸியானோஸும் எழுந்தார். எந்த எவ்தொகியா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் பெண்ணின் பெயர் கல்யாணத்தோடு போய்விடும். ஸ்டெர்யோஸின் பெண்டாட்டி ஸ்டெர்யேனா. லாம்ப்ரோஸின் பெண்டாட்டி லாம்ப்ரேனா. பாதிரியார் வைத்த பெயர் கோயில் புத்தகத்தில் தூங்கும்.

எவளாயிருந்தால் என்ன. ஊற்றப்போவது அடுத்தவன் வீட்டுச் சரக்கு.

கோயிலைத் தாண்டினார்கள். ஸ்டெர்யோஸ் வீடு வந்தது, போனது. லாம்ப்ரோஸ் வீடும் போனது. அதற்குமேல் அந்தச் சந்தில் ஒரே வீடுதான் பாக்கி.

கஸியானோஸின் கால்கள் நின்றுவிட்டன.

"நடய்யா," என்று ஸ்டெர்யோஸ் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

நாற்பத்தொரு வருஷமாகப் பெண்டாட்டியை அவர் "ஏய்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ஊர் கஸியானேனா என்றது. கல்யாணத்தில் மணமுடி சூட்டும்போது பாதிரியார் மூன்று தடவை சொன்ன பெயர் இப்போதுதான் காதுக்குள் வந்து விழுந்தது.

அவள் நல்ல உடுப்பில் வாசலில் நின்றாள். உள்ளே மேஜைமேல் தேனில் நனைந்த பணியாரத்தில் ஆவி பறந்தது. சின்னக் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக் கவிழ்த்திருந்தாள். வந்தவர்களுக்குச் சரியாக இருந்தன. ஒன்று மட்டும் அதிகம்.

"பல வருஷம் நல்லா இரு, எவ்தொகியா," என்றார் லாம்ப்ரோஸ்.

அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு கஸியானோஸ் பக்கம் கையை நீட்டினாள்.

"சாவி."

பதினோரு பேரும் கூரையைப் பார்த்தார்கள். அவர் கழுத்துக் கயிற்றைக் கழற்றினார்.

மத்தியானம்வரை ஓடியது. அவளும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டாள். கஸியானோஸ் நாலு குடித்தார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஊறியிருந்தது.

வேர்க்கிறது என்று அவர் கழற்றிப் போட்ட கோட்டை அவள் எடுத்து ஆணியில் மாட்டினாள். மடித்த தாள் கீழே விழுந்தது. அது எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. லாம்ப்ரோஸ் குனிந்து எடுத்துப் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்: ஆயிரத்து ஐந்நூற்று நாலாம் வருஷம் இதே நாளில் கொலம்பஸ் பஞ்சாங்கத்தில் கிரகணத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, நிலாவை மறைத்துவிடுவேன் என்று தீவுக்காரர்களை மிரட்டிச் சோறு வாங்கித் தின்றான்.

"நீ பாத்தியா?" என்று முனகினார் கஸியானோஸ்.

எவ்தொகியா எல்லோரையும் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். சாவி அவள் கழுத்தில் ஆடியது.

"இன்னிக்கு இவரு நாளுக்கு வந்தீங்க, ரொம்ப சந்தோஷம். நாளைக்குத்தான் என் நாளு. மறக்காம வந்திருங்க, பீப்பாயில இன்னும் பாதி இருக்கு."