நீங்களே சொல்லிடுங்க, டாக்டர்!

“என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்? டாக்டர் நீங்கதானே! ஊசியா, மாத்திரையா, நீங்களே சொல்லிடுங்க. பேசாமப் போட்டுக்கிறேன்.”

நிதால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மலைமேல் இருக்கும் கரக் ஊரில் குளிர் விடாத மார்ச் மாதத்தில் யாருக்கும் அப்படி வியர்க்காது.

டாக்டர் ருலா சிரித்தாள். “ரெண்டுமே உங்களுக்கு ஒத்துவரும் சார். அதனாலதான் கேக்குறேன். இப்ப சாப்பிடுற மாத்திரை போதல. ராத்திரி ஒரு இன்சுலின் ஊசி போட்டா சர்க்கரை சீக்கிரம் இறங்கும். சில நேரம் ரொம்பவே இறங்கி நடுக்கம் வரும். இன்னொரு மாத்திரை சேர்த்தா ஊசி வேண்டாம். ஆனா அது போதுமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. குனாஃபா, அல்வான்னு இனிப்பெல்லாம் மறந்துடணும். உங்களுக்கு எது முக்கியம்?”

“சீக்கிரம் வீட்டுக்குப் போறதுதான் முக்கியம்.”

பக்கத்தில் நின்ற நர்ஸ் இப்திசாம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

கூட வந்திருந்த அக்கா சுஹைலாவுக்குப் பொறுமை போய்விட்டது. தம்பிக்கு ஐம்பது வயதாகியும் ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்பாதவள் அவள்.

“இதென்ன கூத்து மகளே? முன்னாடி இங்க ஒரு டாக்டர் இருந்தாரு. உள்ள போனதும் சீட்டு எழுதிக் கையில திணிப்பாரு. வாயைத் திறந்தா முறைப்பாரு. அவரு டாக்டர்! நீ என்னடான்னா மாப்பிள்ளைகிட்ட கேக்குற மாதிரி, இது பிடிச்சிருக்கா, அது பிடிச்சிருக்கான்னு கேட்டுக்கிட்டிருக்கே!”

“அக்கா, சும்மா இரு.”

“நீ சும்மா இருடா. வீட்ல அவ்வளவு வாய் பேசுவே, இங்க வந்து நாக்கு ஒட்டிக்கிச்சா?”

ருலா தன் நாற்காலியை நிதாலின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “ஊசின்னதும் உங்க முகம் மாறிடுச்சு சார். என்னன்னு சொல்லுங்க.”

நிதால் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

“எங்கப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பிச்சாங்க” என்றார் நிதால். “அதே வருஷம் ஒரு காலை எடுத்தாங்க. ஊசின்னாலே அவரு படுத்திருந்த கட்டில்தான் கண்ணு முன்னாடி நிக்குது. ஊசியால கால் போகாதுன்னு அறிவுக்குத் தெரியுது டாக்டர். மனசு கேக்க மாட்டேங்குது.”

“அப்பா ஊசி போட உடனே சம்மதிச்சாரா?”

“எங்க சம்மதிச்சாரு?” என்றாள் சுஹைலா. அவள் குரல் இறங்கியிருந்தது. “டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. அப்பாதான் வேணாம் வேணாம்னு வருஷக்கணக்கா தள்ளிப்போட்டாரு. கால்ல புண்ணு கறுத்த பிறகுதான் சரின்னாரு.”

நிதால் திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தார். “இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையே!”

“நீ கேட்டியா?”

அவர் நீளமாக மூச்சு விட்டார். பிறகு ருலாவிடம் திரும்பினார். “ஊசியே போட்டுக்கிறேன். ஆனா வியாழக்கிழமை ராத்திரி ஆரம்பிக்கலாமா? வெள்ளியும் சனியும் லீவு, வீட்ல இருப்பேன். நடுக்கம் கிடுக்கம் வந்தா அக்கா பாத்துக்குவா. மத்த நாளெல்லாம் ஊர் ஊராப் போற பொழப்பு.”

“நல்ல யோசனை சார். எனக்கு இது தோணவே இல்ல” என்றாள் ருலா.

இப்திசாம் ஊசி போடும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். நிதால் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்.

கிளம்பும்போது சுஹைலா வாசலில் நின்று திரும்பினாள்.

“எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சுது மகளே. ஆனாலும் கேக்காமப் போக மனசில்ல. ஒரு ஊசிக்காக நோயாளியை இப்படி உக்கார வச்சு, உனக்கு எது முக்கியம், எதுக்குப் பயம்னு குடைஞ்சு எடுக்கணும்னு உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த கழுதை யாரு?”

ருலா தலையைக் குனிந்துகொண்டாள். இப்திசாம் வாயைப் பொத்தியபடி உள்ளே ஓடினாள்.

நிதால் மெல்லக் கையைத் தூக்கினார். “போன மாசம் இவங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்த அந்தக் கழுதை நான்தான்க்கா.”