விரிசல் கணக்கு

"அவர் வந்ததும் மனு, ரிப்பேர்னு ஒரு வார்த்தை பேசிடாதீங்க, டீச்சர். காதுல விழுந்தாலே மனுஷன் வந்த வழியே திரும்பிடுவார்," என்றாள் தலைமையாசிரியை.

"நான் ஏன் பேசறேன்? பிள்ளைங்க பேசுவாங்க. சுவரே பேசும்," என்றாள் கணக்கு டீச்சர்.

ஐந்தாம் வகுப்பின் பின்சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பிய விரிசல் ஒன்று உத்தரத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். கல்வி அதிகாரி நேரில் பார்த்துச் சொன்னால்தான் கொத்தனார் வருவார் என்று ஒரே பதில். அந்த அதிகாரியோ கட்டடம் பார்க்கக் கிளம்புகிற ஆள் இல்லை. கணக்கைப் பிள்ளைகள் ஆசையாகக் கற்க ஏதாவது புதிதாக இருக்கிறது என்றால் மட்டும் ஓடி வருவார். மணிச்சட்டம், அட்டைக் கடிகாரமெல்லாம் பார்த்துச் சலித்துவிட்டது, கண்ணெதிரே இருப்பதிலிருந்து கண்டுபிடியுங்கள் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்.

கணக்கு டீச்சர் கண்டுபிடித்துவிட்டாள்.

மாற்றி உட்கார வைக்க வேறு அறை கிடையாது. பெஞ்சுகளைக் கரும்பலகையோடு ஒட்டி நெருக்கிப் போட்டிருந்தாள். பின்னால் பாதி அறை காலியாகக் கிடந்தது.

"பார்த்துட்டாப் போதும். கண்ணு இருக்கிற எவரும் சும்மா போக மாட்டாங்க."

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்," என்றாள் தலைமையாசிரியை.

அதிகாரி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். "எங்கே டீச்சர் உங்க கருவி? பீரோவுல வெச்சுப் பூட்டிட்டீங்களா? எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் வெச்சிருக்காங்க!"

"பூட்ட முடியாது சார். சுவத்துல இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். விரிசல் நெடுக, படிப்படியாகப் பென்சில் கோடுகள். பக்கத்தில் பெரிய வரைபடத் தாள். அதில் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு மேலே போகும் சிவப்புக் கோடு.

"யாரு விளக்கப் போறீங்க?"

வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் சிறுமி எழுந்தாள். "திங்கக்கிழமை திங்கக்கிழமை டீச்சர் ஸ்டூல் மேல ஏறி விரிசல் நுனியில கோடு போடுவாங்க சார். நூல் பிடிச்சு அளப்பாங்க. அந்த நூலை நாங்க அளவுகோல்ல வெச்சுப் பார்த்துட்டு, தாள்ல புள்ளி வெப்போம்."

"சரிபார்த்தாச்சா?" அவர் வாயில் எப்போதும் வரும் கேள்வி அது. கணக்குப் போட்டால் போதாது, சரிபார்க்க வேண்டும் என்பார்.

"ஆச்சு சார்!" என்றது வகுப்பு.

"அகலம்?"

"முதல்ல ஊசி நுழைஞ்சுது சார். அப்புறம் பென்சில். இப்ப என் விரலே போகுது."

"விட்டுப் பார்த்தியா, கழுதை!" டீச்சர் அவள் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதிகாரி சிரித்துக்கொண்டே சுவரோரம் போய்த் தன் விரலையும் விட்டுப் பார்த்தார். காரை பொலபொலவென்று அவர் சட்டைக் கையில் உதிர்ந்தது. பார்த்துவிட்டார், தொட்டும் விட்டார். டீச்சருக்குப் பாதி உயிர் திரும்பியது.

"பிடிச்சிருக்கா உங்களுக்கெல்லாம், இந்தக் கணக்கு?"

"காய்ச்சல் வந்தாக்கூட திங்கக்கிழமை லீவு போட மாட்டோம் சார்! எவ்வளவு ஏறியிருக்கும்னு பந்தயம் கட்டுவோம்!"

"எனக்குக் கணக்குப் பாடம்னாலே காய்ச்சல் வந்துடும், டீச்சர்," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு தடவை பெயில். இப்படி ஒருத்தர் அன்னைக்கு எனக்குக் கிடைக்கலையே." பிறகு வாயாடியிடம் குனிந்தார். "சரிம்மா, இந்தக் கோடு இப்படியே போனா என்ன ஆகும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் டீச்சர் இத்தனை நாளும் காத்திருந்தாள்.

சிறுமி அளவுகோலை வைத்துச் சிவப்புக் கோட்டைப் புள்ளி புள்ளியாக நீட்டினாள். "மழைக்காலம் முடியறதுக்குள்ள உத்தரத்தைத் தொட்டுடும் சார்."

"தொட்டா?"

"உத்தரம் இறங்கிடும். எங்க மேல. டீச்சர் சொல்லிக் குடுக்கலை சார், நாங்களே போட்ட கணக்கு."

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அதிகாரி கூரையை அண்ணாந்து பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இது இவ்வளவு நாள் யார் கண்ணுலயும் படாமப் போச்சே," என்றார் தழுதழுத்து. "இனிமே அப்படி விட முடியாது. இப்பவே உத்தரவு எழுதறேன்."

அவர் பேனாவைத் திறந்ததும் தலைமையாசிரியை டீச்சரின் கையைப் பிடித்து அழுத்தினாள். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எப்போ சார் வருவாங்க?"

"நாளையிலேருந்தே, டீச்சர்! ஒவ்வொரு பள்ளிக்கூடமா, வகுப்பு வகுப்பா வந்து பார்ப்பாங்க. முதல்ல இந்த பெஞ்சையெல்லாம் சுவரோரமா இழுத்துப் போடுங்க, பிள்ளைங்க நல்லா கிட்ட உட்கார்ந்து பார்க்கட்டும்," என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே. "மழைக்காலம் முடியற வரைக்கும் எந்தக் கொத்தனாரும் இதுல கை வெக்கக் கூடாது. குழந்தை போட்ட விடையைச் சரிபார்க்க வேண்டாமா?"