பேர் கூப்பிடும் வரைக்கும்

அரசு ஆஸ்பத்திரியின் குடும்ப நலப் பிரிவு. கருத்தடை ஆபரேஷனுக்குப் பேர் கூப்பிடும் வரைக்கும் மாமியார் தகராறு செய்யாமல் இருந்தால் போதும் என்று சித்ரகலா வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைக்கு மேல் அவளால் ஆகாது.

"எதுக்குக் கண்ணு இப்படி வேர்க்குது?" என்றாள், வெள்ளகோவிலில் இருந்து துணைக்கு வந்திருந்த மாமியார் ராமாத்தாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். நானெல்லாம் பண்ணிக்கிட்டு மூணாம் நாளே தண்ணிக்குடம் தூக்குனேன்."

"சரிங்க அத்தை."

"ஒரு வாரத்துல பனியன் கம்பெனிக்குப் போயிரலாம். ஊட்டுல படுத்துக் கெடக்கோணும்னு இல்ல."

"சரிங்க அத்தை."

பக்கத்தில் கணவன் தமிழ்செல்வன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா முழிக்கறே? பொண்டாட்டி மேல அத்தன பாசமா?"

கதவு திறந்தது. நர்ஸ் சீட்டைப் பார்த்து, "தமிழ்செல்வன்! ஆபரேஷனுக்கு வாங்க" என்றாள்.

அவன் செல்போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

"ஐயோ சாமி! எம்பையனுக்கா ஆபரேஷன்? ஆம்பளைப் புள்ள ஒடம்பு தாங்குமா? மூணு மாசம் படுக்கையில கெடப்பானே!" ராமாத்தாள் கதவை நோக்கிப் பாய்ந்தாள். சித்ரகலா குறுக்கே நின்றுகொண்டாள்.

"கால் மணி நேர வேலைதானுங்க அத்தை. உக்காருங்க."

சொன்னபடியே தமிழ்செல்வன் நடந்து வெளியே வந்தான். "பசிக்குதும்மா" என்றான்.

சித்ரகலா வாய்விட்டுச் சிரித்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் மெல்லத் திரும்பி, தங்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்தார்கள்.

வராந்தாவில் இருந்த ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டீ குடிக்கத் தோன்றியது.