ஹார்டா, ஹார்ட்லியா

பகல் மூன்று மணிக்கே கொடைக்கானலை மூடிவிட்ட மஞ்சு மூட்டம் ஆஸ்பத்திரி சன்னலில் அப்பிக் கிடக்கிறது. நர்ஸ் சண்முகசுந்தரி டெலிபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். பின்னால் கட்டிலில் ஆடலூர்க் கந்தம்மாள் விலா தெரிய மூச்சு வாங்குகிறாள். "ப்ரீதிங் ஹார்ட்லி, டாக்டர்." மதுரையிலிருக்கும் வெள்ளைக்கார டாக்டரம்மா குறுக்கிடுகிறாள். "ஹார்ட்? ஆர் ஹார்ட்லி?" குரல் கூர்மையாக வருகிறது. இங்கிலீஷில் பொருளை வர்ணிக்கும் சொல் வெறுமனே நிற்கும், செய்கையை வர்ணித்தால் 'லி' சேரும் என்றுதான் சுந்தரி படித்தாள். மூச்சு வாங்குவது செய்கைதானே? ஆனால் 'லி' சேர்ந்தால் அர்த்தமே தலைகீழாகிற சொல் ஒன்று உண்டு. அது இதுதானா? பலமாக இரைப்பது 'ஹார்டா', மூச்சே இல்லாமல் போவது 'ஹார்ட்லியா', இல்லை மாறியா? மருந்தேற்றிய ஊசி டாக்டரம்மாவின் உத்தரவுக்காகக் கையில் காத்திருக்கிறது. மூச்சு இரைப்பவளை அது காப்பாற்றும். மூச்சு அடங்குகிறவளைக் கொன்றுவிடும். "ஏன் நிக்கிறீங்கம்மா? வெரசா போடுங்க," என்று கெஞ்சுகிறான் கந்தம்மாளின் புருஷன் நல்லுசாமி. சுந்தரி சொல்லைத் தேடுவதை விடுகிறாள். "கட்டிலை இங்கிட்டு இழுங்க!" இரும்புக் கால்கள் கிறீச்சிடக் கட்டில் மேசையருகே வருகிறது. கந்தம்மாளின் வாயருகே ரிசீவரைப் பிடிக்கிறாள். கர்ர், கர்ர் என்ற இரைப்பு கம்பி வழியே மலையிறங்கிப் போகிறது. மறுபடி காதில் வைக்கிறாள். "ஹார்ட்," என்கிறாள் டாக்டரம்மா. சுந்தரி ஊசியைப் போடுகிறாள்.