பூனைக்கு ஒரு வாய்

பூனை தும்மியது.

அவர் பஞ்சை வெந்நீரில் நனைத்து மூக்கைத் துடைத்தார். முந்நூறாவது தடவை. நாலாயிரமாகவும் இருக்கலாம்.

நான்கு நாளாயிற்று. கண்ணுக்குச் சொட்டுமருந்து. வாய்க்கு மாத்திரைத் தூள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவை அடைத்து, மடியில் பூனையோடு ஆவி. அதில் அவருடைய சளி இறங்கியது. செத்துப்போன அவர் அப்பாவின் சளியும் இறங்கியிருக்கும்.

பூனையின் மூக்கு மட்டும் திறக்கவில்லை.

மணம் தெரியாமல் பூனை எதையும் தொடாதாம். இன்றும் சாப்பிடாவிட்டால் தேறுவது கஷ்டம் என்று டாக்டரம்மா காலையில் சொல்லியிருந்தார். சொல்லும்போது பூனையைத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நெய்விட்டுப் பருப்புசாதம் வைத்தார். மனு வாங்க மறுக்கும் தாசில்தாரைப்போலப் பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது. தயிர்சாதத்துக்கும் அதே முகம்.

ஏழு தலைமுறையாக முட்டை ஓடுகூட நுழையாத சைவ வீடு. அவருக்கு வேறென்ன தெரியும்?

மாடிவீட்டு ஜெசிந்தா தட்டோடு இறங்கி வந்தாள். நாலே நாலு நெத்திலிக் கருவாடு. உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி வேகவைத்தது.

பாளையங்கோட்டை முழுக்க மணத்தது. எதிர்வீட்டு நாய் சங்கிலியோடு அழுதது. பஸ் ஸ்டாண்டில் ஊருக்குக் கிளம்பியவர்கள் இரண்டுபேராவது திரும்பி வந்திருப்பார்கள்.

அரையடி தள்ளியிருந்த பூனைக்குத் தெரியவில்லை.

"மூக்கு அடச்சுக் கெடக்குல்லா அண்ணாச்சி. பிள்ளைக்கு ஊட்டுத மாதிரி, நீங்க ஒரு வாய் தின்னு காட்டுங்க."

சொன்ன பிறகுதான் ஜெசிந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பூஜையறையில் மணிச்சத்தம் நின்றது.

"கதவச் சாத்திக்கிட்டு என்னமும் செய்யுங்க," என்றாள் அவர் மனைவி, உள்ளிருந்தபடியே. குரல் கரகரத்தது. முந்தின ராத்திரி பூனையோடு விழித்திருந்தது அவள்தான்.

ஜெசிந்தா தட்டை வைத்துவிட்டு வெளியே போனாள்.

அவர் கதவைச் சாத்தினார். தரையில் உட்கார்ந்தார். முட்டிகள் கட்டிலை உடைத்த மாதிரிச் சத்தம் போட்டன.

"இங்க பாரு. ஆ..."

வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. மென்றார்.

பூனை அவர் தாடையைப் பார்த்தது. மேலே, கீழே. மேலே, கீழே.

முன்னங்காலை அவர் தொடையில் ஊன்றி எழுந்தது. அவர் உதட்டை ஒருமுறை நக்கியது.

இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

சின்னதாக முள் நொறுங்கும் சத்தம். பிறகு இன்னொன்று.

கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"தின்னுச்சா?" என்றாள் மனைவி.

பதில் சொல்வதற்குமுன் வாயிலிருந்ததைத் துப்பிவிட நினைத்தார்.

வாயில் ஒன்றும் இல்லை.

தட்டில் கடைசியாக ஒரு நெத்திலி கிடந்தது.

அவரும் பூனையும் அதைப் பார்த்தார்கள்.