அக்கரைக்கு ஓர் அம்புக்குறி

சந்திரிகா மறுபடியும் ஏரியில் விழுந்தாள். பார்த்துக்கொண்டு நின்ற அபிகாயில் கைகொடுக்க ஓடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏரி இருந்தது கம்ப்யூட்டர் திரைக்குள். ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து மூன்று வருடமாக அபிகாயில் உருவாக்கிய வீடியோ கேம் அது. எப்படியாவது அக்கரைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அம்புக்குறி கிடையாது, துப்பு கிடையாது, ஜெயித்தால் மேளதாளமும் கிடையாது. எல்லாவற்றையும் ஆடுகிறவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கேமை வெளியிடப்போகும் வில்பிரட்டுக்கு இதுதான் பிடிக்கவில்லை. "புதுசா ஒருத்தர் ஆடட்டும். நாலு மணிக்குள்ள தாண்டலைன்னா அம்புக்குறி வெச்சுடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அம்புக்குறி வந்தால் கேம் செத்தது என்று அபிகாயிலுக்குத் தெரியும்.

ஆட வருவதாகச் சொன்ன ஆள் கடைசி நேரத்தில் கம்பி நீட்டிவிட்டான். தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று சண்டை போட மாடியேறி வந்த வீட்டுக்கார அம்மா சந்திரிகாதான் அகப்பட்டாள். "சும்மா தட்டிப் பாத்துட்டிருங்கக்கா" என்று அவளை உட்காரவைத்துவிட்டு, வழி தெரியாமல் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்த வில்பிரட்டை அழைத்துவர அபிகாயில் ஓடினாள்.

இருவரும் மேலே வந்தபோது சந்திரிகா ஏரிக்குள் தத்தளித்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம், பேசக் கூடாது என்பது இந்தச் சோதனையின் விதி. கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்கள்.

சந்திரிகா அண்டாவில் ஏறி மிதந்தாள், கவிழ்ந்தது. வாழை மரங்களைக் கட்டித் தெப்பம் விட்டாள். பாதி வழியில் ஆடு கயிற்றைத் தின்றுவிட்டது. இப்படியெல்லாம் நடக்கும் என்று கேமைச் செய்த அபிகாயிலுக்கே தெரியாது!

"வாடா கண்ணு, அந்தாண்ட புல்லு சோக்கா கீது" என்று பனிமூட்டம் மறைத்த அக்கரைக்கு ஆட்டைக் கூப்பிட்டுக் கொஞ்சினாள் சந்திரிகா. ஆடு அவளையே முட்டித் தள்ளியது. தொபுக்கடீர்! அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் நாற்காலி கிறீச்சிட்டது.

மணி நாலு அடித்தது.

"முடிஞ்சுதும்மா" என்றார் வில்பிரட்.

"சார், எவ்ளோ ஜாலியா ஆடறாங்க பாருங்க!"

"ஜாலியெல்லாம் சரி. தாண்டலையே? அம்புக்குறி வெச்சுடு."

அபிகாயிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருட உழைப்பு அநியாயமாகப் போகிறதே!

வில்பிரட் ஆறுதல் சொல்லும் தோரணையில் சந்திரிகாவின் பக்கம் குனிந்தார்.

"ரொம்ப கஷ்டப்பட்டுட்டீங்கம்மா. ஒரு அம்புக்குறி இருந்திருந்தா டக்குனு அக்கரைக்குப் போயிருப்பீங்க, இல்ல?"

சந்திரிகா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"அங்க நீங்க வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டேன் சார், வேற வழி கீதான்னு பாக்கத்தான் திரும்பி வந்தேன்!"