டிக் என்றதும்

இன்சுலின் பேனாவை ஸ்பாஞ்சில் குத்தி அழுத்தினார், சோதனைக்கு வந்திருந்த தையல்காரர். ‘டிக்’ என்று கேட்டது. உடனே எடுத்துவிட்டார்.

உள்ளே மருந்துக்குப் பதில் நீலத் தண்ணீர். பாதி ஸ்பாஞ்சில் இறங்கியது, மீதி மேஜையில் சொட்டியது.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

ஒன்பது வருடம், இந்தப் பேனாவைச் செய்யும் இதே கம்பெனியின் கீழ்மாடியில் பொறியாளராக இருந்தவள். செய்கிற பொருளை மனிதர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று நேரில் பார்க்க மேல்மாடிக்கு, வடிவமைப்புப் பிரிவுக்கு மாறினாள். “நல்ல வேலையை விட்டுட்டு அழகு பார்க்கப் போறா” என்று கூட இருந்தவர்களே கேலி செய்தார்கள். இன்றைய சோதனையை ஒழுங்காக நடத்தினால் வேலை நிரந்தரம். சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கீழே அவள் நாற்காலியில் வேறு ஆள் வந்தாயிற்று.

விதி ஒன்றே ஒன்று. சோதனைக்கு வந்தவருக்கு எதையும் சொல்லித்தரக் கூடாது. அடுத்த வாரம் இவரே மறுபடி சோதனைக்கு வருவார், அதுவரைக்கும் கூடாது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மேலாளர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை. டிக். எடுத்தார். சொட்டியது.

அனுமதிக்கப்பட்ட ஒரே கேள்வியைக் கேட்டாள். “இப்ப என்ன நினைக்கிறீங்க?”

“டிக்குனா முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்? வீட்லயும் இதே பேனாதான், இப்படித்தான் போட்டுக்கிறேன்.” தையல்காரர் சிரிக்கப் பார்த்தார். “சர்க்கரைதான் குறைய மாட்டேங்குது. டாக்டர் அளவைக் கூட்டிக்கிட்டே போறாரு. நான் திருட்டுத்தனமா இனிப்பு திங்கிறேன்னு பொண்டாட்டி மூணு மாசமா முகம் கொடுத்துப் பேசறதில்ல.”

டிக் என்றால் மருந்து இறங்க ஆரம்பிக்கிறது என்று பொருள். முடியப் பத்து விநாடி ஆகும்.

மூன்றாவது தடவைக்குப் பேனாவைத் தூக்கினார். இதுதான் கடைசி. இன்னும் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

டிக்.

“எடுக்காதீங்க ஐயா! பத்து எண்ணுங்க.”

கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. அவள் நிறுத்தவில்லை.

“இத்தனை நாளா பாதி மருந்துதான் உள்ள போயிருக்கு. இங்கேருந்து நேரா டாக்டர்கிட்ட போய் இதைச் சொல்லுங்க. அவர் அளவைக் குறைச்ச பிறகுதான் முழுசா போட்டுக்கணும். வீட்ல நம்பலைன்னா எனக்கு போன் போட்டுக் குடுங்க, நான் சொல்றேன்.”

மேலாளர் உள்ளே வந்தார். படிவத்தை அவள் முன்னால் வைத்தார்.

‘சோதனை ரத்து. காரணம்:’

எழுதினாள்.

‘நான்கு வருடங்களுக்கு முன்னால், கீழ்மாடியில், இந்த டிக் சத்தத்தை வைத்தவள் நான்.’